ஆடாதோடையும் பாடுச் சீட்டும்

சளிக்கு என்ன மருந்துன்னு கேட்டா, "தெரியாது"ன்னு சொல்ற ஆளைத் தமிழ்நாட்டில் பார்ப்பது கஷ்டம். தூதுவளை ரசம், கற்பூரவல்லிச் சாறு, சுக்குக் கஷாயம், மிளகுப் பால், நொச்சி ஆவி என்று ஆளுக்கொன்று சொல்வாங்க. கடலோரத்தில் கேட்டா நண்டு ரசமும் சேரும். சொல்பவர் யாரும் பொய் சொல்வதில்லை. குடிச்சாங்க, நாலைந்து நாளில் சளி போச்சு. கண்ணால் பார்த்த அனுபவம் அது.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்குது. சாதாரணச் சளி எதுவும் செய்யாமலே ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். "மருந்து சாப்பிட்டா ஒரு வாரம், சாப்பிடாட்டி ஏழு நாள்" என்ற பழைய கிண்டலில் உண்மை இருக்கு. தானாகப் போகிற நோய்க்கு எந்த மருந்து கொடுத்தாலும் கேட்கும், கொடுத்த மருந்துக்குத்தான் பெயர் கிடைக்கும். அப்படியென்றால் எது மருந்து, எது வெறும் வெந்நீர் என்று எப்படிப் பிரிப்பது?

இந்தக் கேள்வியை யார், எப்போது, எப்படிக் கேட்டார்கள் என்பதைத்தான் இந்தக் குறிப்பில் பார்க்கப்போகிறோம். எல்லா மூலிகையையும் ஒரே கட்டுரையில் அடக்க முடியாது. அதனால் ஆடாதோடை என்ற ஒரே செடியைப் பிடித்துக்கொண்டு போகலாம். மற்றவை வழியில் வரும். கிளம்புகிற இடம் பழவேற்காடு.

கோட்டையும் குப்பமும்

திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவ ஊர்களில் ஒன்று கோட்டைக்குப்பம். (புதுச்சேரி பக்கத்தில் இருக்கும் கோட்டக்குப்பம் வேறு.) பெயரில் இருக்கும் கோட்டை, டச்சுக்காரர்கள் 1613ல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை. இன்றைக்கு அது புதர் மண்டிய மேடும் அகழியுமாகத்தான் மிஞ்சியிருக்கு. பக்கத்தில் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பராமரிக்கிறது.

சென்னைப் பட்டணம் உருவாவதற்கு முன்பே பழவேற்காடு பெரிய துறைமுகம். சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தலைமையிடமும் அதுதான். அவர்களுக்கு இங்கிருந்து வேண்டியது முக்கியமாகத் துணி. நம் நெசவாளர்களின் துணியைக் கப்பலில் ஏற்றி இந்தோனேசியத் தீவுகளுக்குக் கொண்டுபோய், அங்கே ஜாதிக்காய், கிராம்பு, மிளகு வாங்குவார்கள். அன்றைய ஐரோப்பாவில் இவை சமையல் சரக்கு மட்டுமல்ல, மருந்துச் சரக்கும்கூட. நாம் கஷாயத்தில் போடும் அதே பொருட்களுக்காகத்தான் இந்த ஏரிக்கரையில் கோட்டை எழுந்தது.

பழவேற்காட்டில் இருந்த டச்சுக்காரர் ஒருவர் இங்குள்ள அறிவை எழுதி வைத்தார். ஆபிரகாம் ரோஜீரியஸ் என்ற பாதிரியார் 1632 முதல் 1642 வரை இங்கே இருந்தவர். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு அவர் எழுதிய புத்தகம் 1651ல் வெளிவந்தது. ஆனால் அது இந்து சமயத்தைப் பற்றிய புத்தகம். செடிகொடிகளைப் பற்றிய பெரிய புத்தகம் மறுகரையில், மலபாரில் உருவானது. கொச்சியில் டச்சுத் தளபதியாக இருந்த ஹெண்ட்ரிக் வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிகஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அதற்குச் செடிகளின் பெயரும் குணமும் சொன்னவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அவர் பெயர் அந்தப் புத்தகத்திலேயே பதிவாகியிருக்கு. இது அபூர்வம். மற்ற புத்தகங்களில் நம் வைத்தியர்கள் பெரும்பாலும் பெயரில்லாமல்தான் வருகிறார்கள்.

அதே வான் ரீடுதான் பிறகு கம்பெனியின் உயர் ஆணையராகச் சோழமண்டலக் கரைக்கு வந்தவர். 1690ல் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றியதும் அவருடைய முடிவு. பழவேற்காட்டின் பொற்காலத்தை முடித்துவைத்தவர் மூலிகைப் புத்தகக்காரர்!

பெயர் கப்பலேறியது

ஆடாதோடை இந்தக் கதைக்குள் வருவது இலங்கை வழியாக. பவுல் ஹெர்மன் என்ற மருத்துவர் 1672லிருந்து சில ஆண்டுகள் அதே டச்சுக் கம்பெனிக்காகக் கொழும்பில் வேலை பார்த்தார். செடிகளைச் சேகரித்து உலர்த்தி, உள்ளூர்ப் பெயரோடு குறித்துவைத்தார். பிறகு லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1687ல் அவர் வெளியிட்ட லைடன் தோட்டத்துச் செடிகளின் பட்டியலில் 'அடாதோடா' என்ற பெயர் இருக்கு. 1753ல் ஸ்வீடனின் லின்னேயஸ் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தபோது, இதற்கு 'ஜஸ்டிசியா அடாதோடா' என்று பெயர் சூட்டினார். ஆடு தொடாத இலை என்பதால் ஆடாதோடை என்று நம் ஊரில் பொருள் சொல்வாங்க. அந்தப் பெயர்தான் கொஞ்சம் லத்தீன் வாடையோடு இன்றைக்கும் அறிவியல் பெயராக நிற்கிறது.

ஆங்கிலேயர் பக்கமும் இதே வேலை நடந்தது. 1690களில் புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், சென்னையைச் சுற்றிய ஊர்களில் செடிகளைச் சேகரித்தார். தமிழ்ப் பெயர், அதன் மருத்துவக் குணம் என்று குறிப்பு எழுதி லண்டனுக்கு அனுப்பினார். மருந்துக் கடைக்காரரும் சேகரிப்பாளருமான ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றை ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். அந்தப் பட்டியல்களில் 'மலபார் பெயர்' என்று வருவது பெரும்பாலும் தமிழ்தான். அப்போது ஐரோப்பியர்கள் தமிழை அப்படித்தான் சொன்னார்கள்.

இவர்கள் கேட்ட கேள்விகளைக் கவனியுங்கள். இதன் பெயர் என்ன? எங்கே வளரும்? எதற்குக் கொடுப்பீர்கள்? மூன்றும் நல்ல கேள்விகள். நாலாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை: "கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் என்ன ஆச்சு?" இதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்து ஐரோப்பிய மருத்துவத்திலும் அந்தக் கேள்வி பிறக்கவில்லை. ரத்தம் வடிய விடுவதும் பேதிக்குக் கொடுப்பதும்தான் அங்கே பெரிய சிகிச்சை.

சென்னையின் பட்டியல்கள்

அடுத்த 200 ஆண்டுகளில் பட்டியல்கள் குவிந்தன. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஒயிட்லா ஐன்ஸ்லி 1813ல் சென்னையிலேயே ஒரு மருந்துப் பொருள் நூலை அச்சிட்டார். அதை விரித்து 1826ல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். தமிழ்ப் பெயர்களோடு, நாட்டு வைத்தியர்கள் எதை எதற்குத் தருகிறார்கள் என்று வரிசையாகச் சொல்லும் நூல் அது. 1868ல் அரசாங்கமே 'இந்திய மருந்துத் தொகுப்பு' வெளியிட்டது. அதற்கு அடுத்த ஆண்டே அதன் துணைநூல் வந்தது. எழுதியவர் சென்னையின் மொகிதீன் ஷெரீப். மேல்நாட்டு மருத்துவம் படித்தவர், யுனானி, தமிழ்ப் பெயர்கள் எல்லாம் அறிந்தவர். கடைத்தெருவில் ஒரே பெயரில் விற்கும் நாலு வேறு சரக்குகளைப் பிரித்துக்காட்டியது அவர் செய்த பெரிய உபகாரம். இது சின்ன விஷயமில்லை. குடிப்பது எந்த இலை என்றே தெரியாவிட்டால் அது கேட்டதா கேட்கலையா என்ற பேச்சுக்கே இடமில்லை.

1891ல் வந்த மொகிதீன் ஷெரீப்பின் கடைசி நூலைப் பதிப்பித்தவர் டேவிட் ஹூப்பர். ஊட்டியில் சின்கோனாப் பட்டையிலிருந்து குவினைன் எடுக்கும் வேலையை மேற்பார்த்த அரசு வேதியியலாளர். மலேரியாவுக்குப் பட்டையாகக் கொடுத்த மருந்து தூய உப்பாக மாறியதைத் தினமும் பார்த்தவர். அவருக்கு ஆடாதோடை மேலும் அந்தக் கண் விழுந்ததில் ஆச்சரியமில்லை. 1888ல் ஆடாதோடை இலையிலிருந்து ஒரு காரப்பொருளைப் பிரித்தெடுத்தார். செடியின் வடமொழிப் பெயர் வாசகா, அதனால் பொருளுக்கு வாசிசின் என்று பெயர். இலைக்குள் ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருள் இருக்கு என்பது அன்றைக்கு உறுதியாச்சு. அது மனிதனின் சளியை என்ன செய்யும் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கோமனும் வைத்தியர்களும்

நாட்டு மருந்துகளைச் சோதித்துச் சொல்லும்படி சென்னை மாகாண அரசு 1918ல் டாக்டர் எம். சி. கோமனை நியமித்தது. மேல்நாட்டு மருத்துவம் படித்த அவர், நோயாளிகளுக்கு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்து வரிசையாக அறிக்கைகள் எழுதினார். சில மருந்துகளைப் பாராட்டினார். ஆனால் அவற்றின் பின்னால் இருக்கும் கோட்பாடுகள் அறிவியல் அல்ல என்றும் முடிவு சொன்னார்.

வைத்தியர்கள் கொதித்தார்கள். திராவிட வைத்திய மண்டலமும் சென்னை ஆயுர்வேத சபையும் சேர்ந்து 1921ல் மறுப்பு வெளியிட்டன. எங்கள் மருத்துவத்தின் அடிப்படை தெரியாதவர் அதை எடைபோடக் கூடாது என்பது அதன் சாரம். அதே 1921ல் நீதிக்கட்சி அரசு முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அதன் செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி. 1923ல் வந்த உஸ்மான் அறிக்கை, இந்திய மருத்துவ முறைகளுக்குத் தர்க்கமும் அறிவியல் அடிப்படையும் உண்டு என்று சொன்னது. 1920களின் நடுவில் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது அந்த அறிக்கையின் நேரடி விளைவு.

நான் இந்தச் சண்டையைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று உறுத்தும். ஒரு பக்கம் "உங்கள் கோட்பாடு அறிவியலில்லை" என்கிறது. இன்னொரு பக்கம் "உங்களுக்கு எங்கள் கோட்பாடு தெரியாது" என்கிறது. கோட்பாடு எதுவாயிருந்தாலும், இந்தக் கஷாயத்தைக் குடித்தவன் குடிக்காதவனைவிட எத்தனை நாள் முன்னால் எழுந்தான் என்று எண்ணிப் பார்த்திருக்கலாம். அந்த எண்ணிக்கைக்கு வாத பித்த கபமும் வேண்டாம், கிருமிக் கொள்கையும் வேண்டாம். நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்த அந்தச் சண்டை இன்றைக்கு வாட்ஸப்பில் அப்படியே நடக்குது. ஆட்கள் மட்டும்தான் வேறு.

ஏரியில் இருக்கும் பாடம்

எண்ணுவது மட்டும் போதுமா? போதாது. எப்படி எண்ணுவது என்பதைப் புரிந்துகொள்ள மறுபடி பழவேற்காடு ஏரிக்குப் போகலாம்.

அந்த ஏரியில் பாடு என்று ஒரு பழைய முறை உண்டு. வலை கட்டுவதற்கான இடங்கள் குறிக்கப்பட்டவை. சில இடங்களில் இறால் நிறைய விழும், சில இடங்களில் குறைவு. ஒரே ஆள் நல்ல இடத்தையே பிடித்துக்கொண்டால் சண்டை வரும். அதனால் உரிமையுள்ள குடும்பங்கள் முறை வைத்தும் சீட்டுப் போட்டும் இடங்களை மாற்றி மாற்றிப் பங்கிட்டுக்கொள்ளும். கோட்டைக்குப்பமும் பாடு உள்ள ஊர்தான். (இந்த உரிமை எல்லோருக்கும் கிடையாது, அதில் சச்சரவுகளும் உண்டு. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

இப்போது ஒரு கேள்வி. ஒருத்தர் புது வலை வாங்கி வந்து, "என் வலைக்குத்தான் இறால் அதிகம் விழுது" என்கிறார். அவர் எப்போதும் நல்ல பாட்டில்தான் வலை கட்டுகிறார் என்றால் அந்தப் பேச்சை ஏரிக்கரையில் யார் நம்புவாங்க? வலை நல்லதா, இடம் நல்லதா என்று தெரியாதே. சீட்டுப் போட்டு, சிலருக்குப் புது வலை, சிலருக்குப் பழைய வலை என்று எல்லா இடங்களிலும் கலந்து கட்டினால்தான் வலையின் குணம் தெரியும்.

இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் கண்டுபிடித்த மிகப் பெரிய கருவி இந்தச் சீட்டுதான். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரி. ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்கு அதேபோல் தெரியும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது, வாங்குபவருக்கும் தெரியக் கூடாது. பிறகு எண்ணு.

சளிக்கு இதைச் செய்தபோது முதலில் அடி வாங்கியது மூலிகை இல்லை, ஆங்கில மருந்து. 1940களின் கடைசியில் அலர்ஜி மாத்திரைகள் சளியைக் குணப்படுத்தும் என்று பெரிய விளம்பரம். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 1950ல் முடிவை வெளியிட்டது. மருந்து சாப்பிட்டவர்களும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் தேறினார்கள். சீட்டுக்கு ஆங்கில மருந்து, நாட்டு மருந்து என்ற பாரபட்சம் கிடையாது.

இலை சிரப்பாக மாறியது

ஆடாதோடைக்குத் திரும்புவோம். 1925ல் கல்கத்தா வெப்பமண்டல நோய் மருத்துவப் பள்ளியில் ஆர். என். சோப்ராவும் சகாக்களும் வாசிசினின் விளைவுகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். மூச்சுக்குழாயைச் சற்று விரிக்கும் தன்மை தெரிந்தது. ஒரேயடியாக அற்புதம் என்றும் சொல்லவில்லை, ஒன்றுமில்லை என்றும் தள்ளவில்லை.

பெரிய திருப்பம் ஜெர்மனியில் நடந்தது. வாசிசினின் அமைப்பை மாதிரியாக வைத்து வேதியியலாளர்கள் உருவாக்கிய புரோம்ஹெக்சின் 1963ல் சந்தைக்கு வந்தது. கெட்டியான சளியை இளக்கும் மருந்து. புரோம்ஹெக்சின் உடம்புக்குள் போய் மாறும் பொருள் அம்ப்ராக்சால். அதுவும் 1970களின் இறுதியில் தனி மருந்தானது. உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் இருமல் சிரப்பை எடுத்து உள்ளடக்கத்தைப் படித்துப் பாருங்கள். இந்த இரண்டு பெயர்களில் ஒன்று இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. "இலையெல்லாம் மூடநம்பிக்கை, நான் சிரப்தான் குடிப்பேன்" என்பவர் குடிப்பது ஆடாதோடையின் பேரனைத்தான்.

இந்தியாவிலும் ஒரு முக்கியமான வேலை நடந்தது. ஆடாதோடையோடு திப்பிலி சேர்ப்பது பழைய வழக்கம். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகம் நமக்குப் பதினெண்கீழ்க்கணக்கில் ஒரு நூலின் பெயராகும் அளவுக்குப் பழகிய விஷயம். ஏன் எல்லாவற்றிலும் இதைச் சேர்க்கிறார்கள் என்று ஜம்மு மண்டல ஆராய்ச்சிக் கூடத்தில் சி. கே. அட்டல் குழு கேட்டது. 1981ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், திப்பிலியோடு கொடுத்தபோது ரத்தத்தில் வாசிசினின் அளவு ஏறக்குறைய 233 சதவீதம் கூடியது. மிளகு, திப்பிலியில் இருக்கும் பைப்பரின் மற்ற மருந்துகளை உடம்பு உறிஞ்ச உதவுகிறது என்ற ஆராய்ச்சித் துறையே இதிலிருந்து கிளைத்தது. 1998ல் பெங்களூர் புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், மஞ்சளின் குர்குமினோடு பைப்பரின் சேர்த்தால் மனிதர்களில் அது உறிஞ்சப்படுவது 2000 சதவீதம் கூடுவதைக் காட்டினார்கள். மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடும் பாட்டிக்கு இது சந்தோஷமான செய்திதான்.

ஆனால் கவனம். உறிஞ்சப்படுவது வேறு, சளி குறைவது வேறு. நம் கட்டுரைகள் பலவும் தடுக்கி விழும் இடம் இது. ஆய்வுக்கூடத்தில் வைரஸைத் தடுத்தது, எலியில் வீக்கம் குறைந்தது, ரத்தத்தில் அளவு கூடியது, இதெல்லாம் படிக்கட்டுகள். மேல் மாடி, சீட்டுப் போட்ட மனிதச் சோதனை. அந்த மாடியில் ஆடாதோடையின் கணக்கு இன்னும் மெலிவாகத்தான் இருக்கு. 2005ல் ஆர்மீனியாவில் மேல்மூச்சுப் பாதைத் தொற்று உள்ளவர்களிடம் நடந்த ஒரு சோதனையில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் கொடுத்தது ஆடாதோடையோடு வேறு இரண்டு மூலிகைகளும் சேர்ந்த கலவை. எது வேலை செய்தது என்று பிரிக்க வழியில்லை.

பேரனின் கதை மட்டும் என்ன? கடையில் சீட்டில்லாமல் வாங்கும் இருமல் மருந்துகளைப் பற்றிய சோதனைகளையெல்லாம் திரட்டி 2014ல் காக்ரேன் குழு ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. அவை பலன் தரும் என்றோ தராது என்றோ உறுதியாகச் சொல்ல நல்ல சான்று இல்லை என்பதே முடிவு. தாத்தாவும் பேரனும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மற்ற சரக்குகளின் கணக்கு

நிலவேம்புக்கு இவர்களைவிட அதிகச் சோதனைகள் உண்டு. 2017ல் வந்த ஒரு தொகுப்பாய்வு 33 சோதனைகளை, 7175 நோயாளிகளைக் கணக்கில் எடுத்தது. இருமல், தொண்டை வலி ஆகியவற்றில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் பெரும்பாலான சோதனைகளின் தரம் குறைவு என்றும் அதே ஆய்வாளர்கள் எழுதினார்கள். தாய்லாந்து தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிலவேம்பைச் சேர்த்திருக்கு. மறுபக்கம், கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015ல் எச்சரித்தது. கசப்பு மருந்து என்பதால் தீங்கே செய்யாது என்று நினைக்க வேண்டாம்.

தேனுக்குச் சான்று கொஞ்சம் பரவாயில்லை. 2007ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 105 குழந்தைகளிடம் ஒரே ஒரு இரவு நடந்த சோதனையில், படுக்கும் முன் தேன் குடித்தவர்களின் இருமல் எதுவும் குடிக்காதவர்களைவிடக் குறைந்தது. பிறகு வந்த காக்ரேன் தொகுப்பும் எதுவும் கொடுக்காமல் இருப்பதைவிடத் தேன் நல்லது என்ற பக்கமே சாய்ந்தது.

பூண்டுக்கு ஒரே ஒரு உருப்படியான சோதனை. 146 பேர், 12 வாரம். பூண்டு சாப்பிட்ட குழுவில் 24 சளி, மற்ற குழுவில் 65. கேட்க நன்றாக இருக்கு. ஆனால் ஒரு வலை வீச்சை வைத்து ஏரியை அளக்க முடியாது.

ஆவி பிடிப்பதற்கு நாம் கொடுக்கும் மரியாதைக்குச் சான்று குறைவு. சண்டிகரைச் சேர்ந்த மீனு சிங் முன்னின்று செய்த காக்ரேன் தொகுப்பில் தெளிவான பலன் தெரியவில்லை. பிடிக்கும்போது இதமாக இருப்பது உண்மை. கொதிக்கிற பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவதும் உண்மை.

நண்டு ரசம்? யாரும் சீட்டுப் போட்டுச் சோதித்ததாகச் சொல்ல மாட்டேன். அதன் ஒன்றுவிட்ட தங்கையான கோழி சூப்பை 1978ல் மயாமியில் சோதித்தார்கள். வெந்நீரும் கோழி சூப்பும் மூக்குச் சளியின் ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் வேகப்படுத்தின. 2008ல் பிரிட்டனின் கார்டிஃபில் 30 பேருக்குச் சூடான பழரசம் கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கின் காற்றோட்டத்தை அளந்தால் மாற்றமில்லை. ஆனால் மூக்கொழுகல், தும்மல், தொண்டை வலி, குளிர் எல்லாம் குறைந்ததாக அவர்களே சொன்னார்கள். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வலையை இழுத்துவிட்டு விடியற்காலையில் நடுங்கிக்கொண்டு வருபவருக்குச் சூடான ரசம் தரும் இதம் நிஜமானது. அதை இதம் என்று சொன்னால் போதும், குணம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கொரோனா காலத்தில் தமிழ்நாடு முழுக்கக் கொடுத்த கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் ஆடாதோடையும் நிலவேம்பும் கற்பூரவல்லியும் உண்டு. 2021ல் வெளியான ஒரு சோதனை 60 பேரிடம் நடந்தது. அவர்கள் தொற்று இருந்தும் அறிகுறி இல்லாதவர்கள். சோதிக்க முன்வந்தது நல்ல ஆரம்பம். ஆனால் லட்சக்கணக்கான பேருக்குக் கொடுத்த மருந்துக்கு 60 என்பது மிகச் சிறிய எண்.

எங்கே உயிர் பிரச்சினை

இவ்வளவு கணக்கு எதற்கு, சளி தானாகப் போகிறதே, குடித்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். பெரியவர்களுக்கு அது சரி. குழந்தைகளுக்கு இல்லை.

குழந்தைக்கு வந்தது சளியா நிமோனியாவா என்பதுதான் உண்மையான கேள்வி. நிமோனியாவைக் கஷாயம் தொடாது, அதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும். பிரிப்பதற்கு எக்ஸ்ரேகூட வேண்டியதில்லை. குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூடு உள்ளே போனாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனை. உலக சுகாதார நிறுவனம் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குச் சொல்லித்தரும் கணக்கு இது.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகளால் பாட்யூலிசம் என்ற நரம்புப் பாதிப்பு வரலாம். வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்று அதே ஜம்மு ஆய்வுக்கூடம் கண்டிருப்பதால் கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை வேண்டாம்.

அப்போ சிரப்தான் பாதுகாப்பா? 2022 இறுதியில் உஸ்பெகிஸ்தானில் குழந்தைகள் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து உலக சுகாதார நிறுவனம் எச்சரித்த இரண்டு இந்தியத் தயாரிப்புச் சிரப்புகளில் ஒன்று அம்ப்ராக்சால், நம் ஆடாதோடையின் பேரன். கொன்றது அம்ப்ராக்சால் இல்லை, சிரப்பில் கலந்திருந்த நச்சுக் கரைப்பான். 2025ல் தமிழ்நாட்டில் தயாரான ஒரு சிரப்பால் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்ததும் அதே வகை நச்சால்தான். தானாகப் போயிருக்கும் சளிக்கு, பலன் உறுதியில்லாத ஒரு மருந்தைக் கொடுத்துப் பறிபோன உயிர்கள் அவை.

2001லேயே உலக சுகாதார நிறுவனம் சின்னக் குழந்தைகளின் சளி இருமலுக்கு ஓர் ஆலோசனை வெளியிட்டது. தொண்டைக்கு இதமான, தீங்கில்லாத வீட்டு வைத்தியம் போதும், கடைச் சிரப் தேவையில்லை என்பது அதன் சாரம். பாட்டிகளைப் புறந்தள்ளாத, பாட்டிகளிடமே எல்லாவற்றையும் விட்டுவிடாத நிலைப்பாடு அது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

ஹெர்மன் பெயரைக் குறித்தார். ஹூப்பர் பொருளைப் பிரித்தார். ஜம்முவில் திப்பிலியின் வேலையை அளந்தார்கள். ஜெர்மனியில் விற்பனைக்கு விட்டார்கள். ஆடாதோடைக் கஷாயத்தையே, திப்பிலி போட்டும் போடாமலும், வெற்றுக் கசப்புத் தண்ணீரோடு வைத்துச் சீட்டுக் குலுக்கி நிறையப் பேரிடம் சோதிப்பது பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு, ஊருக்கு ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கு, ஐப்பசி கார்த்திகையில் சளிக்கும் பஞ்சமில்லை. முடிவு எப்படி வந்தாலும் நமக்கு நஷ்டமில்லை. கேட்டால் மருந்து, கேட்காவிட்டால் சூடான கசப்புத் தண்ணீர். எதுவாயிருந்தாலும் தெரிந்து குடிக்கலாம்.